மிதி, பிடி, விடு

டனீடனில் எங்கள் தெருவுக்குச்
சமதளம் என்றால் என்னவென்றே தெரியாது.
ஆரஞ்சு ஒன்று கை நழுவினால்
துறைமுகம் வரை போகும்.

மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை.
கியரில் விட மறந்து, கை பிரேக்கை மட்டும் நம்பி
நான் சாவி தேடிக்கொண்டிருந்த நேரம்,
என் அறுபத்தேழாம் வருடத்து ஜாகுவார்
அவசரமே இல்லாமல் பின்னோக்கி இறங்கி
ஸ்ட்ரூவன் பெக்கின் வேலிக்குள் நுழைந்தது.
தபால் பெட்டி போயிற்று.
கண்காட்சிக்கு வளர்த்த டேலியாக்கள் போயின.

வேலிக்குப் பணம் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார்.
பேச்சை நிறுத்திவிட்டார்.

இந்தக் காருக்குப் பின் பிரேக் சக்கரத்தில் இல்லை.
உள்ளே, டிஃபரன்ஷியலின் இரு விலாவையும் ஒட்டி,
கை எட்டாத இருட்டில் இருக்கிறது.
ஒரு தட்டை மாற்ற வேண்டுமா,
சுருள்கள் நான்கு, கைகள், அச்சு எல்லாவற்றோடும்
மொத்தக் கூண்டையும் இறக்கு.
பகலெல்லாம் ஆஸ்பத்திரியில்
ஊராரின் இடுப்பெலும்பை எக்ஸ்ரே எடுப்பவள்
ராத்திரியில் இதன் இடுப்பைக் கழற்றினேன்.

ஆயில் சீல் கசிந்து கசிந்து
பேட் ஊறிப்போயிருந்தது.
பிடிப்பதுபோல் எத்தனை வருடம் நடித்ததோ.
இடது பக்கம் ஷிம் இருக்க வேண்டிய இடத்தில்
யாரோ வெட்டிச் செருகிய புகையிலை டப்பாத் தகரம்,
பாதி மாலுமி முகத்தோடு.
அதை எறிய மனசில்லை. ஜன்னலில் வைத்தேன்.

கீழ்க்கையின் ஊசி மூன்று ராத்திரி அசையவில்லை.
எண்ணெய், நெருப்பு, சம்மட்டி,
என் தாய் கேட்டிருக்கக்கூடாத வார்த்தைகள்.
நான்காம் ராத்திரி டங்கென்று அது கழன்றதும்
திடுக்கிட்டு, மன்னிப்புக் கேட்டேன்
இரும்பிடம்.

புது புஷ், புது சீல், புதுத் தட்டு.
ஜாக்கியில் கூண்டு அங்குலம் அங்குலமாக ஏறி
நாலு மூலையும் போல்ட் ஏற்றாயிற்று.
மிதித்துப் பார்த்தால்
பெடல் பஞ்சாய்த் தரை தொட்டது.
குழாயெல்லாம் காற்று.

காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும்.
ஒற்றை ஆளுக்கென்று விற்ற கருவி ஒழுகியது.
பெர்த்திலிருக்கும் மகனின் கால்
ஃபோன் வழியாக வராது.

ஆகஸ்ட் மழையில் போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன்.
என்னை, என் கையின் கிரீஸை, ஸ்பானரைப் பார்த்தார்.
“ஷூ மாத்திட்டு வர்றேன்” என்றார்.
ஐந்து மாதத்தில் முதல் சொல்.

அவர் மேலே சீட்டில், நான் அடியில்.
“மிதியுங்கள்.”
“மிதிச்சாச்சு.”
“பிடியுங்கள்.”
நிப்பிளைத் திறந்தேன்.
ஜாம் புட்டிக்குள் குமிழ்கள் பொரிந்தன.
நான் மூடும்வரை அவர் காலை எடுக்கக்கூடாது,
எடுத்தால் போன காற்றெல்லாம் திரும்பி வரும்.
எடுக்கவில்லை. ஒருமுறைகூட.
ஏழாவது சுற்றில் என் வாயிலிருந்து
‘உங்கள்’ உதிர்ந்துவிட்டிருந்தது:
மிதி. பிடி. விடு.
மிதி.
பிடி.

பெடல் கல்லாகி நின்ற பிறகும்
அவர் இறங்கவில்லை.
ஸ்டியரிங்கைப் பார்த்தபடி சொன்னார்:
“அந்த டேலியா எப்படியும் பூச்சி அரிச்சதுதான்.”

காரைத் தெருவில் நிறுத்தினேன்.
கை பிரேக்கை இழுத்தேன். கியரிலும் விட்டேன்.
இருவரும் ஒதுங்கி நின்று
நனைந்துகொண்டே பார்த்தோம்.
அசையவில்லை.

அவர் உள்ளே போய்
ஒரு செங்கல்லை எடுத்து வந்து
பின் சக்கரத்தடியில் வைத்தார்.