ஒற்றை விரல்

கட்டுநாயக்கவில் சுங்க அதிகாரி
என் பையிலிருந்து அதை எடுத்துப் பிசைந்து பார்த்தார்.
"என்ன இது, நெருப்புக்கோழி முட்டையா?"
பந்து என்றேன்.
நம்பாமல் தரையில் ஒருமுறை தட்டினார்.
அது அவர் கைக்குத் திரும்பவில்லை.
பக்கவாட்டில் துள்ளி
எக்ஸ்ரே இயந்திரத்துக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.
பதினொரு வருடமாக எனக்கும் அதைத்தான் செய்கிறது, ஐயா.

வெள்ளவத்தையில் சித்தி கேட்டாள்:
வேலை நிரந்தரமோ, கொந்தராத்தோ?
கோடைக்கு ஒன்று, குளிருக்கு ஒன்று,
இரண்டும் கொந்தராத்து.
கூட்டினாலும் ஒரு சம்பளம் வராத வருடங்களில்
மருந்துக் களஞ்சியத்தில் இரவு வேலை,
பசை காயாத விரல்களோடு காலையில் பயிற்சி.
மைதானமும் என்னைப் போலத்தான், சித்தி.
ஆடியில் எட்டுக் கம்பம் நடுவார்கள்,
மார்கழியில் பிடுங்கிவிட்டு ஆறு ஸ்டம்ப்.
புல் மட்டும் லீவு கேட்பதில்லை.
அவள் இடியப்பத் தட்டை என் பக்கம் தள்ளினாள்.
"முழங்காலில் என்ன தையல்?"
அது குளிர்காலத்துக் கணக்கு.

பொரளை ஓவலில் நான் எடுத்தது நான்கு ஓட்டங்கள்.
சந்துனியின் பந்து உள்ளே வளைந்து காலில் பட்டது,
தையல் போட்ட அதே காலில்.
நடுவர் விரலை மேலே தூக்கினார்.
கூடாரம் வரை நூற்றுப் பன்னிரண்டு அடி.
முப்பத்து மூன்று வயதில்
இதையெல்லாம் எண்ணத் தோன்றுகிறது.

ஆட்டம் முடிந்து பேருந்துக்குக் காத்திருந்தபோது
சந்துனி என் பையில் அந்தப் பந்தைக் கண்டுவிட்டாள்.
கேட்கவில்லை. எடுத்தாள், ஓடினாள்.
ரோலருக்கும் வெள்ளைத் திரைக்கும் நடுவே, என்று கத்தினேன்.
உதைத்தாள்.
பூட்ஸின் மூக்கில் பட்ட பந்து
திரையின் காலை உரசிக்கொண்டு
அந்தப் பக்கமாகப் போய் விழுந்தது.

என் கை தானாக முன்னே நீண்டது, ஒரு விரல்.
"அவுட்?" என்றாள்.
அவள் மொழியிலும் என் மொழியிலும் அது ஒரே சொல்.
இல்லை, ஒன்று. ஒரு புள்ளி.
இந்த ஆட்டத்தில் கொஞ்சமாய்த் தவறினால்
ஒன்று கொடுப்பார்கள்.
பாதிச் சிங்களம், மீதி சைகை.
அவள் என்னைப் பார்த்த பார்வை
அந்தச் சுங்க அதிகாரியின் பார்வை.
"தவறினதுக்கா? ஏன்?"

பதினொரு வருடத்தில்
யாரும் கேட்கவில்லை, நானும்தான்.

பேருந்து வந்து ஹோர்ன் அடித்தது.
அவள் பந்தை எடுக்கத் திரைக்குப் பின்னால் போயிருந்தாள்.