முதலில் போவது உள்ளங்கை

விழப்போகிறோம் என்று தலைக்குத் தெரியுமுன்
கைக்குத் தெரிந்துவிடும்.
தாரை நோக்கி அதுவாகவே நீளும்.
பதினொரு வருடம் காயம் கட்டும் அறையில் நிற்கிறேன்,
உப்புநீர் ஊற்றி ஊற்றிப் பொறுக்கியிருக்கிறேன்:
கொக்கட்டிச்சோலைப் பக்கமென்றால் சிவந்த கிறவல்,
கல்லடியென்றால் மணல்,
சித்தாண்டியிலிருந்து ஒருமுறை
முழங்காலுக்குள் நெல்லே வந்தது,
வீதியில் காயப் போட்டிருந்தார்களாம்.

ஆகவே காத்தான்குடிக் கடையில்
சில்மி எடுத்துப் போட்ட கறுப்பு ஜக்கெட்டோடு
நான் கண்ணாடிக்கு முன்னால் போகவில்லை.
ஸ்டூலில் கால் அகட்டி இருந்து,
குனிந்து,
இல்லாத ஹாண்டிலைப் பிடித்துப் பார்த்தேன்.
முழங்கைத் தகடு நாலு விரல் கீழே இறங்கி
வேறு யாருக்கோ காவல் நின்றது.

"இது ஆம்புளைட சைஸ் மிஸ்.
பொம்புளையளுக்கெண்டு தனியா வாறல்ல.
ஆரு போறா அவ்வளவு தூரம்?"
"நான் போறன்.
தலைமன்னாருக்கு."

அவன் தலையைச் சொறிந்தான்.
மறுகா, தடித்த தோலில் ஒன்று.
நல்ல தோல்தான். ஆனால் இது கச்சான் காலம்.
வெலிக்கந்தைக்கு முன்னமே அவிந்து
சிப்பைத் திறப்பேன்,
மன்னம்பிட்டிப் பாலத்தடியில் கழற்றுவேன்,
சுருட்டிப் பின்சீற்றில் கட்டுவேன்.
அப்படிக் கட்டிக்கொண்டு வந்த பொடியன் ஒருவனை
புனானையில் மாடு குறுக்கே வந்த இரவு
எங்களிடம் கொண்டுவந்தார்கள்.
ஜக்கெட்டில் ஒரு கீறல் இல்லை.
சீற்றுக்கும் ஒன்றும் இல்லை.

ஹெல்மெட் மட்டும் புதிதாய், பெட்டி உடைக்காமல்.
அதில் நான் பேரம் பேசவில்லை.
ஒருதரம் விழுந்த ஹெல்மெட்
வெளியே மினுங்கும், உள்ளே பஞ்சு செத்திருக்கும்.
கொண்டையை அவிழ்த்துப் பின்னி
கொலருக்குள் விட்டு மாட்டினேன்.
கன்னம் இரண்டும் நெரிந்து
வாய் மீன்வாய் ஆனது.
தலையை ஆட்டினேன், அது ஆடவில்லை.
சில்மி ஏதோ சொன்னான்.
கேட்கவில்லை. சரி, இதுதான்.

பிறகு ஏணியில் ஏறி
பரணிலிருந்து ஒன்றை இழுத்தான்.
பொத்துவிலுக்கு அலை ஓட வந்த வெள்ளைக்காரி
விற்றுவிட்டுப் போனதாம்.
சாம்பல் நிறம், வலைத்துணி, காற்று போய்வரும்.
இடது முழங்கையில் ஒரு சாண் தேய்ப்பு,
நூல் வெள்ளையாய்ப் பிசிறி.

வெளிச்சத்தில் பிடித்து வாசித்தேன்.
இடப்பக்கம் சாய்ந்து,
தகட்டில் சறுக்கி,
தோளால் ஒருதரம் புரண்டு நின்றிருக்கிறாள்.
உள்பக்கம் திருப்பினேன்.
கறை இல்லை.
தோல் வாங்கியதைத்தான் இவ்வளவு காலம் பார்த்தேன்,
துணி வாங்கியதை இன்றைக்குத்தான்.

போட்டேன். குனிந்தேன்.
முழங்கைக்கு முழங்கை சரியாய் வந்து இருந்தது.

"பதினெட்டு."
"அடிபட்டதுக்கா?"
"அடிபட்டதாலதான் மிஸ். சோதிச்சுப் பார்த்த சாமான்."
பதினாலுக்குத் தந்தான்.
கையுறை சற்று இறுக்கம், போடப் போட இளகும் என்றான்.
முட்டிக்குக் கட்டுவதும் வாங்கினேன்.
சப்பாத்துக்குக் காசு போதவில்லை,
வாட்டில் கிடக்கும் தம்பியின் பழைய பூட்ஸ் போதும்,
காசு வரும்வரை.

இரவு, வாவிப் பக்க ஜன்னலைத் திறந்துவிட்டு,
உள்பொக்கற்றில் வைக்க ஒரு துண்டுக் கடதாசி.
கையுறை இளகட்டும் என்று அதோடேயே எழுதினேன்.
பெயர்: தவயோகினி.
இரத்தம்: பி பொசிட்டிவ்.
அறிவிக்க வேண்டியவர்.

தங்கச்சி போனை எடுத்த உடனேயே அழுவாள்.
அவர்
"நான் அப்பவே சொன்னன்" என்றுதான் தொடங்குவார்.
பேனையைக் கன நேரம் பிடித்திருந்தேன்.

கடைசியில் காயம் கட்டும் அறையின் நம்பரைப் போட்டேன்.
எந்தச் சாமத்திலும் ஒருவர் எடுப்பார்.
ஏன் போனாய் என்று கேட்கமாட்டார்,
எந்த இடம் என்றுதான் கேட்பார்.

கையுறையால் எழுதிய ஏழு
ஒன்றைப்போல் கிடந்தது.
கடதாசியைக் கிழித்துவிட்டு
இன்னொருதரம் எழுதினேன்.