பயிற்சி மணித்தியாலங்கள்

கிழமை நாட்களில் நான் மின்மானி வாசிக்கிறவள்.
கோண்டாவில், இணுவில்,
எந்த வளவில் எந்த நாய் என்று தெரியும்.
சனிக்கிழமை திருநெல்வேலியில் மாடி வகுப்பு:
உளவளத்துணை முதுமாணி, இரண்டாம் வருடம்.

மூன்று கதிரை.
ஒருவர் சொல்ல, ஒருவர் கேட்க,
ஒருவர் பார்த்துக் குறிக்க.
இன்று சொல்பவர் கமலேந்திரன்,
பஸ் நிலைய நேரக்கணிப்பாளர்.
கையில் ஒரு துண்டு:
‘வயது நாற்பது. நித்திரையின்மை. நடிக்கவும்.’

நல்லாய்த்தான் நடித்தார்.
கொட்டாவிகூட விட்டார், சிரித்தோம்.
பிறகு துண்டை நாலாய் மடித்துச்
சட்டைப் பையில் வைத்துவிட்டு,
“தம்பியின்ர சைக்கிள் இன்னும் என்னட்டத்தான் இருக்கு.
காத்துப் போகப் போக அடிச்சு வைப்பன்.
ஆரும் ஓடுறேல்லை” என்றார்.

படித்த கேள்வியெல்லாம் தொண்டைவரை வந்தது.
விழுங்கினேன்.
மரியகொறற்றியின் பேனை நின்றுவிட்டது.
அவர் குரல் தாழ்ந்துகொண்டே போனது,
சிலிங் ஃபானுக்குக் கீழே.

மணி அடித்தது.
ஆரும் எழும்பவில்லை.

பின்னேரம் பதிவேட்டை நிரப்புகிறேன்.
நேரம்: ஐம்பது நிமிடம்.
மிச்சம்: நூற்றெழுபது மணித்தியாலம், சொச்சம்.
கையாண்ட நுட்பம்:
இரண்டு தரம் எழுதி, வெட்டி,
கடைசியில் உள்ளதை எழுதினேன்.

‘ஃபானை நிறுத்தினேன்.’