எத்தன?

மெற்றில்டா வந்து ஏழு கிழமைக்குப் பிறகு
அவள் கப்பலில் போட்ட பெட்டி வந்தது,
தலவாக்கலைச் சந்தியிலிருந்து ஆட்டோவில், மழையோடு.
பால்மா, சவர்க்காரம்,
பிள்ளைக்கு இரண்டு சைஸ் சின்னதாய்ப் போன சப்பாத்து.
அடியில், துவாயில் சுற்றி,
கொக்கு மாதிரி கழுத்தை நீட்டிக்கொண்டு ஒரு மெஷின்.

"சோடா போடுறது" என்றாள்.
மேடம் புதுசு வாங்கியதும் பழசை இவளிடம் கொடுத்ததாம்.
கரண்ட் வேண்டாம். முதுகில் ஒரு சிலிண்டர்,
தலையில் ஒரு பொத்தான். அவ்வளவுதான்.

பீலித் தண்ணியைப் போத்தலில் பிடித்து,
கோடு வரை, கோட்டுக்கு மேலே ஒரு சொட்டும் கூடாது,
திருகி மாட்டினாள்.
தண்ணி எவ்வளவு குளிரோ அவ்வளவு காஸ் பிடிக்குமாம்.
குவைத்தில் ராத்திரி முழுக்க ஐஸ் பெட்டியில் வைக்கணும்,
இங்கே லிந்துலையில் ஒரு தை மாதத்துக் காலை போதும்.
எங்கள் குளிருக்கும் ஒரு உபயோகம் இருப்பதை
அன்றுதான் கேள்விப்பட்டேன்.

அமுக்கினாள்.
சீறல்.
லயத்துச் சுவருக்கு அந்தப் பக்கம்
சந்தனம் அண்ணன் "பாம்பா?" என்று கத்தினார்.

"சாருக்கு நாலு. மேடத்துக்கு ரெண்டு.
சின்னவனுக்கு ஒண்ணு, அதுவும் பட்டும் படாம.
விருந்தாளி வந்தா அஞ்சு."
மனப்பாடம் ஒப்பிப்பதுபோல் சொல்லிவிட்டு
"உங்களுக்கு எத்தன?" என்றாள்.

எனக்கு எப்படித் தெரியும்.
"உனக்கு எத்தன?"
பொத்தான் மேலிருந்த விரலைப் பார்த்தாள்.
"அவங்க மிச்சம் வெச்சத குடிப்பேன்.
அதில காஸ் போயிருக்கும்."

அன்றிலிருந்து ஆராய்ச்சி.
ஒன்று அமுக்கினால் தூங்குற தண்ணி என்றாள்.
இரண்டு, மூக்கில் ஏறி எனக்குக் கண் கலங்கிற்று.
மூன்றில் அவளுக்கு ஏப்பம் வந்தது,
வெட்கப்பட்டாள்,
அடுத்ததை அதைவிடப் பெரிதாய் விட்டுச் சிரித்தாள்.
ஒன்பது வருசம் போனில் பேசிய பொம்பளைக்கு
இப்படியொரு சிரிப்பு இருந்ததை
மறந்திருந்தேன் என்று சொல்ல மாட்டேன்.
கேட்டதே இல்லை.

கொடித்தோடை பிழிந்தோம், இஞ்சி தட்டிப் போட்டோம்.
எதுவானாலும் காஸ் ஏற்றிய பிறகுதான் கலக்கணும்,
ஆயிரம் தடவை சொல்லியிருந்தாள்.
டிலுக்ஷன் கேட்டானா?
நாங்கள் பூசைக்குப் போன ஞாயிற்றுக்கிழமை
சீனி போட்ட பிளேன்டீயை ஊற்றி
அமுக்கு அமுக்கென்று அமுக்கியிருக்கிறான்.
வந்து பார்த்தால் கூரைத் தகரத்திலிருந்து தேத்தண்ணி சொட்டுகிறது,
மாதா படத்தின் கன்னத்தில் ஒரு கோடு.
சந்தனம் அண்ணன் எட்டிப் பார்த்தார்:
"சம்பளந்தான் ஏறல்ல. சாயமாச்சும் ஏறிச்சே."

மாசிக் கடைசியில் சீறல் மெலிந்து
ஒரு பெருமூச்சாகி, அதுவும் நின்றது.
சிலிண்டரைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினேன்.
ஊரெல்லாம் காஸுக்குக் கியூ நின்ற நாட்கள் அவை.
"அண்ணே, காஸ் வந்திருச்சா? எங்க? எத்தன மணிக்கு?"
அடுப்புக் காஸ் இல்லை, குடிக்கிற காஸ் என்றேன்.
பஸ்ஸே திரும்பி என்னைப் பார்த்தது.
ஒரு அம்மா மட்டும்
குழந்தையை மற்றப் பக்கம் மாற்றி வைத்துக்கொண்டாள்.

ஹார்ட்வெயார் பௌசுல் நானா
சிலிண்டரை உள்ளங்கையில் வைத்து நிறை பார்த்தார்.
"கொழும்புக்குத்தான் போகணும் தம்பி.
போனாலும், இந்தப் புரி இங்கத்த புரி இல்ல."

சொன்னதும் அவள் கவலைப்பட்டதாய்த் தெரியவில்லை.
மெஷினைத் துடைத்து அதே துவாயில் சுற்றி
பெட்டி மேல் வைத்தாள்.
எத்தனை என்ற கணக்கு முடியாமலே போயிற்று.
நான் மூன்று என்கிறேன்,
அவள் இரண்டரை என்கிறாள்.
அரை எப்படி அமுக்குவதென்று கேட்டால்
அது கைக்குத் தெரியும் என்கிறாள்.

விடிய, பீலியிலிருந்து இழுத்த குழாயில்
தண்ணிக்கு முன்னால் காற்று வரும்,
இருமிக்கொண்டு, துப்பிக்கொண்டு.
பிறகு வெள்ளையாய் ஒரு தண்ணி.
கிளாசில் பிடித்து வைத்தால்
அடியிலிருந்து மேலே மெதுவாகத் தெளியும்.
இத்தனை வருசமும் நான் தெளியட்டும் என்று காத்திருந்துதான் குடித்தேன்.

நேற்று அவள் தெளியுமுன்பே பறித்துக் குடித்தாள்,
மேலுதட்டைத் துடைத்தாள்,
கொஞ்சம் யோசித்தாள்.
"கால்" என்றாள்.