அறுபத்தாறு

முப்பத்தோரு குளிர்காலமாகக்
கூடத்துச் சுவரில் ஒரு பித்தளைத் திருகு.
ஆர்வோ கடந்துபோனால் அறுபத்திரண்டு.
நான் கடந்துபோனால் அறுபத்தெட்டு.
அதை வைத்து நாங்கள் போட்ட சண்டையின் சூட்டில்
தெருவையே காய்ச்சியிருக்கலாம்.

துலூத்தில் குளிர் விருந்தாளி இல்லை,
பங்காளி.
நவம்பரில் வந்து உட்கார்ந்தால்
ஏப்ரலில் ஏரி உடையும்வரை எழுந்திருக்காது.
நிலவறையில் எண்ணெய் உலை
யானையைப் போல் நின்றது; யானையைப் போலவே தின்றது.
மாதம் ஒருமுறை லாரி வந்து
குழாயை நீட்டும்போது
ஆர்வோ ஜன்னலருகே போகமாட்டார்.
நான்தான் கையெழுத்துப் போடுவேன்.

ஜனவரி பில் ஐந்நூற்று நாற்பது டாலர்.
"யாருடைய கை திருகியது, மார்லிஸ்?" என்பார்.
திருகின்மேல் ஒருமுறை டேப் ஒட்டிவைத்தார்.
நகத்தால் கீறி எடுத்தேன்.
ராத்திரி மூன்று மணிக்கு
காலுறையோடு மெதுவாக நடந்து
ஆறு கோடு ஏற்றிவிட்டு வந்து படுப்பேன்.
பாதம் வெதுவெதுவென்று ஆகும். சத்தியமாக ஆகும்.

கோடையில் வேறு கதை.
இரண்டு ஜன்னல் ஏசிகளைப் பரணிலிருந்து
இறக்கும்போது அவர் இடுப்பு பிடித்துக்கொள்ளும்.
ஒன்று இருமும். ஒன்று ஒழுகும்.
போன ஜூலையில் ஒழுகிய தண்ணீரில் அவரே வழுக்கினார்.
அன்று சாயங்காலம்தான்,
கட்டுப்போட்ட மணிக்கட்டோடு,
"சரி, மாற்றிவிடலாம்" என்றார்.

அக்டோபரில் வந்தான் துவா ஷியோங்.
மெல்லிய பையன், முழங்காலில் உறை,
வாயில் டார்ச்.
வீட்டின் ஒவ்வொரு அறையையும்
தையற்காரனைப் போல் அளந்தான்.
பிறகு கூடத்துத் திருகைக் கழற்றினான்.
கழற்றியவன் பேசவில்லை.
பின்னாலிருந்த கம்பி இரண்டும்
எங்கும் போகாமல்
சுண்ணாம்புக்குள் சுருண்டு கிடந்தன.

கோட்டுகள் தொங்கும் அலமாரியின் பின்பலகையில்,
எங்களுக்கு முன்பிருந்தவர்கள் அடித்த பெயின்ட்டுக்கு அடியில்,
கண்டுபிடித்தான் இன்னொன்றை.
உலையை நடத்தியது அதுதான்.
முள் துருவோடு ஒட்டிப்போயிருந்தது:
அறுபத்தாறு.

நான் ஆர்வோவைப் பார்க்கவில்லை.
ஆர்வோ டார்ச் வெளிச்சத்தையே பார்த்தார்.
டேப், நகம், காலுறை, மூன்று மணி,
தாயைப் பற்றி அவர் சொன்ன ஒரு சொல்,
ஒரு கிறிஸ்துமஸ் முழுக்க நான் பேசாமல் இருந்தது,
எல்லாம் அந்தச் செத்த கம்பியில் ஓடி
எங்கும் போய்ச் சேராமல்.
துவா தொண்டையைச் செருமினான்.
"புதியதை எங்கே வைக்கட்டும்?"

உலையை நான்கு துண்டாக அறுத்து ஏற்றிப்போனார்கள்.
பழைய இரும்புக்காரர் தந்தது பதினேழு டாலர்.
அதில் டோனட் வாங்கினோம்,
வேலைக்கு வந்த எல்லோருக்கும்.

இப்போது வெளிச்சுவர் ஓரம்
பெட்டி ஒன்று பனியில் நின்று முணுமுணுக்கிறது.
ஹீட் பம்ப்.
மைனஸ் பத்திலும் காற்றிலிருந்து
சூட்டைப் பிடுங்கிவிடுமாம்.
கோடையில் அதே பெட்டி திரும்பி நின்று குளிர்விக்குமாம்.
நம்பவில்லை நான். உலை உமிழ்ந்ததுபோல்
முகத்தில் அறையும் அனல் இல்லை இதில்.
யாரோ சற்று முன்னர் எழுந்துபோன நாற்காலியின்
சூடு, அவ்வளவுதான்.
ஆனால் போகாமல் இருக்கிறது.

"ஏற்றி இறக்காதீர்கள்" என்று சொல்லிப்போனான் துவா.
"ஒரே எண்ணில் விடுங்கள்."
எந்த எண் என்று சொல்லவில்லை.

முதல் பில்: முந்நூற்றுப் பதினொன்று.
கடன் தவணை தொண்ணூற்று நாலு.
உறையின் முதுகில் ஆர்வோ
இரண்டு முறை கூட்டினார்.
மூன்றாம் முறை என்னைக் கூட்டச் சொன்னார்.

நேற்று ராத்திரி மூன்று மணிக்குப்
பழக்கத்தில் கால் எழுந்தது.
கூடத்தில் ஏற்கனவே அவர்,
இரண்டு கையையும் பைஜாமா பையில் புதைத்தபடி
ஒளிரும் எண்ணின் எதிரே.
இது பொம்மை இல்லை.
தொட்டால் நிஜமாகவே மாறும்.

"அறுபத்தாறு" என்றார், "உனக்குக் குளிருகிறதா?"

முப்பத்தோரு வருஷத்தில்
இந்தக் கேள்வி புதிது.
என்ன சொல்வதென்று தெரியாமல்
"கொஞ்சம்" என்றேன்.
அவரும் தெரியாமல்
சும்மா தலையாட்டினார்.
பெட்டி வெளியே நின்று
பனியை உருக்கிக்கொண்டிருந்தது.