இடப்பக்கம்

எனக்குக் கைகளில் தெரிந்தது.
அறுபதைத் தாண்டினால் ஸ்டியரிங்
காய்ச்சல்காரன் கையில் தம்ளர் மாதிரி
நடுங்க ஆரம்பிக்கும்.
எண்பதில் நின்றுவிடும்.
ரெட்டேரிக்கும் மாதவரத்துக்கும் நடுவில்
எண்பது போக எவன் விடுகிறான்?

ரெஜினாவுக்குக் காதில் தெரிந்தது.
வலது பக்கம் ஒடித்துத் திருப்பும்போதெல்லாம்
டக் டக் டக் என்று
அவள் கால்மாட்டில் யாரோ
கொட்டைப்பாக்கு வெட்டுகிறார்களாம்.

எனக்கொண்ணும் கேக்கல என்பேன்.
அம்பத்தூர் எஸ்டேட்டில்
பவர் பிரஸ் பக்கத்தில் இருபத்தாறு வருஷம்.
இடது காதை அங்கேயே
பி.எஃப். மாதிரி பிடித்துக்கொண்டார்கள்,
செட்டில்மென்டில் திருப்பித் தரவில்லை.

எனக்கொண்ணும் ஆடல என்பாள் அவள்.
ஓட்டத் தெரியாது.
மடியில் ஹேண்ட்பேக்,
அதன்மேல் இரண்டு கைகள்.

மூன்று மாதம் இப்படி.
இருபது வயது சான்ட்ரோவில் இரண்டு வியாதி,
அல்லது இரண்டு பொய்.
ஞாயிறு பூசை முடிந்து
பெரம்பூரில் யூ டர்ன் போடும்போது
இதோ, இதோ, கேளு என்பாள்.
நான் வலது காதைத் திருப்புவதற்குள்
சக்கரம் நேராகிவிடும்.

கடைசியில் மூலக்கடை தணிகைவேல் ஷெட்.
இன்ஸ்பெக்‌ஷன் நாளில் எங்கள் பிரஸ் ஓடுமே,
அவன் ஓட்டியபோது வண்டி
அப்படிச் சமர்த்தாக ஓடியது.
இறங்கி வந்து இரண்டே கேள்வி கேட்டான்:
எந்த வேகத்துல?
எந்தப் பக்கம் திருப்பினா?
முதலாவதுக்கு நான் வாய் திறந்தேன்.
இரண்டாவதுக்கு அவள்.
நடுவில் நாங்கள் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

ஜாக்கி ஏற்றி
இடது முன்சக்கரத்தைக் கடிகாரம் போலப் பிடித்தான்.
பன்னிரண்டிலும் ஆறிலும் ஆட்டினான். அசையவில்லை.
ஒன்பதிலும் மூன்றிலும் ஆட்டினான். அசையவில்லை.
பால் ஜாயின்ட் ஓகே, டை ராட் ஓகே என்று
சொந்தக்காரர்களை விசாரித்துவிட்டு வந்தவன் மாதிரி சொன்னான்.
சக்கரத்தைக் கழற்றினான்.

ரப்பர் பூட் வாய் பிளந்து கிடந்தது.
ரிம்மின் உள்பக்கம் முழுக்கக்
கறுப்பு கிரீஸ் தெறித்து, அதன்மேல்
ஊர்ப் புழுதியெல்லாம் ஒட்டி.
"அக்கா சொன்னது இது. ஆக்ஸில் ஜாயின்ட் போச்சு."
பிறகு ரிம்மைச் சுற்றவிட்டு
ஓரத்தில் ஸ்க்ரூட்ரைவரைப் பிடித்தான்.
சுற்றுக்கு ஒரு தடவை
இரும்பு நெளிந்து வந்து முனையைத் தொட்டுப் போனது.
"அண்ணன் சொன்னது இது.
எங்கனா பள்ளத்துல வுட்டீங்களா?"

மெட்ரோவுக்குத் தோண்டிய பள்ளம். ஐப்பசி மழை.
தண்ணீருக்கு அடியில் ரோடு இருக்கும் என்று நம்பி
போகலாமா என்று கேட்டது நான்தான்.
பதில் வந்திருக்கும்,
இடப்பக்கமிருந்து.
அதை அங்கே
இரண்டு பேருமே சொல்லவில்லை.

புதுப்பேட்டையிலிருந்து பார்ட் வர மாலையாகிவிட்டது.
நாலாயிரத்து எழுநூறு.
பழைய ஜாயின்டை ரெஜினா கேட்டு வாங்கினாள்.
எதுக்குக்கா, இரும்புக் கடையில கூட எடுக்க மாட்டான் என்றான்.
வேணும் என்றாள்.
நேற்றைய பேப்பரில் சுற்றிக் கொடுத்தான்.

வீட்டுக்குத் திருப்பாமல் ரிங் ரோட்டில் விட்டேன்.
அறுபத்திரண்டு. அறுபத்தைந்து.
ஸ்டியரிங் தளும்பவில்லை.
அவள் ஹேண்ட்பேக்கிலிருந்து ஒரு கையை எடுத்து
ஸ்டியரிங்கின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தாள்.
இப்படித்தான் இருக்கணுமா என்றாள்.
அதுவரை அவளிடம் யாரும் சொன்னதில்லை.

ரெட்டேரி சிக்னலில் சிவப்பு.
நூற்றுப் பத்து நொடி.
பொட்டலத்தைப் பிரித்தாள்.
விரலெல்லாம் கிரீஸ், சேலையிலும் கொஞ்சம்.
வலது காது அவளுக்குக் கிடைக்கும்படி
தலையை முழுக்க இடப்பக்கம் திருப்பினேன்.
இரண்டு கைகளாலும் அதைப் பிடித்து,
ஈரத்துணி பிழிவது போல
ஒரு திருகு.

டக்.

இன்னொரு தடவை என்றேன்.
இன்னொரு தடவை.

பச்சை விழுந்து,
பின்னால் ஷேர் ஆட்டோக்காரர்
விடாமல் ஹாரன் அடித்தாராம்.
அவள்தான் சொன்னாள்.