தினம் மழை பெய்யும் நாட்டார்

கீழக்கரைப் பண்டகசாலை.
வைகாசி பன்னிரண்டு, லுகருக்குப் பின்.
ஒல்லாந்தர் கம்பெனிக் கப்பித்தான்
நினியன் கின்லாக் பிரபு விட்டுப்போன சாமான்கள் ஏலம்.
கணக்கெழுதுவது அவருடைய துபாஷி அசன் நெய்னா.
எனக்குச் சம்பள பாக்கி
பதினேழு பணம்.

முதலில் வாள்.
உறையை விட்டு வரவில்லை, உப்புக்காற்று.
புன்னை எண்ணெய் விட்டு இரண்டு பேர் இழுத்தோம்.
உறையோடு ஐந்து பணத்துக்குப் போயிற்று.

கடுதாசிக் கட்டில் இரண்டு அரக்கு முத்திரை,
இரண்டு ராஜா.
ஒருவனுக்காகச் சுட்டவர்
மறு வருஷம் அவனையே சுட்டிருக்கிறார்.
ஏன் என்று ஒருநாள் கேட்டேன்.
"முதலாமவன் பாக்கி வைத்தான்."
எனக்கு இதைச் சொன்னபோது
நாலு மாதம் ஆகியிருந்தது.

சப்பாத்து ஒரு ஜோடி. இடது காலில்
துணி திணித்திருக்கிறது, விரல் இரண்டு இல்லாத இடத்தில்.
பனியில் போனதாம்.
அப்படியே மொழிபெயர்த்தேன்.
மார்கழிப் பனியில் விரல் உதிருமா என்று
தோணிக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.
அவரும் சிரித்தார், எதற்கென்று தெரியாமல்.

ராமநாதபுரத்துக்கு ஒருமுறை போனோம்,
சங்குக் குளிப்பில் பங்கு பேச.
"நான் பிரபு என்று சொல்" என்றார். சொன்னேன்.
அரண்மனைக் கணக்கர் ஓலையிலிருந்து தலை எடுக்கவில்லை.
"கண்மாய் எத்தனை?"
கண்மாய் இல்லை. ஒரு மலை, கொஞ்சம் ஆடு,
ஒழுகுகிற கோட்டை ஒன்று, அதுவும் அண்ணனுக்கு.
"ஒழுகுமா?"
தினம் மழையாம், ஆடி தை என்றில்லாமல்.
எழுத்தாணி நின்றது.
கணக்கர் அப்போதுதான் அவரை ஏறிட்டுப் பார்த்தார்,
பிறகு என்னை.
"தினம் மழை பெய்யும் நாட்டைவிட்டு
ஒருத்தன் கூலிக்கு வருவானா?
சரியாகக் கேட்டுச் சொல்லும், மரைக்காயரே."

நான் திரும்பக் கேட்கவில்லை.

பீரங்கி இல்லை, வாள் இல்லை.
சித்திரையில் வயிற்றுக்கடுப்பு, ஏழு நாள்.
கடைசி ராத்திரி ஏதோ சொன்னார்,
ஒல்லாந்து இல்லை, பறங்கி இல்லை,
எனக்குத் தெரிந்த நாலில் எதுவும் இல்லை.
தண்ணீர் என்று எடுத்துக்கொண்டு கொடுத்தேன்.
குடித்தார்.
மொழிபெயர்ப்பு சரியா, தெரியாது.
உடைமரத்தடியில் புதைத்தோம். மணல்
குழியைக் குழியாக நிற்க விடவில்லை.

இன்னும் மார்க்கவசம் இருக்கிறது.
இதைப் போட்டுக்கொண்டு கரையில் நடப்பார்,
பிள்ளைகள் நண்டுத் துரை என்று பின்னால் ஓடுவார்கள்.
நெஞ்சுக்கு நேரே ஒரு குழி,
எந்த ஊர்க் குண்டோ.
யாரும் கேட்கவில்லை. கடைசியில்
பெரியபட்டினத்துச் சந்தியா, சங்கு குளிக்கிறவன்,
தூக்கிப் பார்த்தான், தட்டிப் பார்த்தான்.
குளிகல்லுக்குப் பதிலாகுமாம்.
கயிறு கோக்கத் தோதாகப் பக்கத்தில் துளைகூட இருக்கிறது.
எட்டுப் பாகம் ஒரே மூச்சில் இறங்கும் என்றான்.
இரண்டு பணம்.

ஆக வரவு, சப்பாத்தும் சில்லறையும் சேர்த்து, பதினாலு.
மூன்று குறைகிறது.

ஆனியில் புதுக் கப்பித்தான் வருகிறாராம்,
அவரும் பிரபுதானாம்.
முன்பணம் கேட்க வேண்டும்.